போலீஸ் ஃபுட்டேஜ் கேட்டு வந்தால்: கேமரா மாட்டுகிறவன் பார்த்தவை

குமரி மாவட்டத்தில் தக்கலையிலிருந்து களியக்காவிளை வரைக்கும் கடைகளிலும் வீடுகளிலும் கேமரா மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. "சிசிடிவி காட்சிகளைக் கைப்பற்றி போலீசார் விசாரித்து வருகின்றனர்" என்று பேப்பரில் படிக்கிறோம் அல்லவா, அந்தக் காட்சிகளில் பெரும்பகுதி போலீஸின் சொந்தக் கேமராவில் எடுத்தது கிடையாது. நகைக்கடை, மருந்துக்கடை, பேக்கரி, பெட்ரோல் பங்க், சர்ச், கோயில், அப்புறம் வளைகுடாவில் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்காக மாட்டி வைத்த வீட்டுக் கேமரா. இவைதான் நம் மாவட்டத்தில் போலீஸின் கண்கள். நம் காசில், நம் கரன்டில் ஓடுகிற கண்கள். அதனால் அந்தக் காட்சி யார் கைக்கு, எப்படி, எந்தக் காகிதத்தோடு போகிறது என்பதில் நமக்கும் பங்கு உண்டு.

கேமரா வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 2020 ஜனவரி 8 இரவு, கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு பேர் ஓடுவது பக்கத்துக் கேமராவில் பதிவாகியிருந்தது. சில நாட்களில் கர்நாடகத்தில் உடுப்பியில் வைத்து இருவரைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு எல்லைப் பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் தாங்களாகவே கூப்பிட்டு, ரோட்டைப் பார்த்து ஒரு கேமரா போட்டுக் கொடுங்கள் என்றார்கள்.

அதே ஆண்டு ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம் நடந்தது, அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் இறந்த சம்பவம். ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் கடை வாசலில் தகராறு செய்தார்கள், தரையில் உருண்டார்கள் என்று எஃப்.ஐ.ஆர். சொன்னது. அந்தத் தெருவில் இருந்த கடைக் கேமராவோ அப்படி எதையும் காட்டவில்லை. ஜெயராஜ் போலீஸ் வண்டிப் பக்கம் நடந்து போகிறார், பென்னிக்ஸ் பின்னால் போகிறார், அவ்வளவுதான். ஸ்டேஷன் கேமராவில் என்ன இருந்தது? விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் எழுதிய அறிக்கையில் இருக்கிறது: ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டிபி (ஆயிரம் ஜிபி) இடம் இருந்தும், ஒவ்வொரு நாளும் பதிவு தானாக அழிந்துவிடும்படி செட்டிங் வைத்திருந்தார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வரி நன்றாகப் புரியும். இடம் இருக்கும்போது தினமும் அழிப்பது என்றால், யாராவது மெனுவுக்குள் போய் அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். கடைக்காரர் தன் கடைக்காக மாட்டிய கேமரா உண்மையைக் காப்பாற்றியது. சட்டத்துக்காக மாட்டிய கேமராவில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்போது நான் நேரில் பார்த்த ஒன்று. ஊரையும் ஸ்டேஷனையும் சொல்லப் போவதில்லை.

பஸ் இறங்கி நடந்து வந்த ஒரு டீச்சரின் செயினை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால். அந்த ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் கேமரா இருந்தது, வேறு யாரோ மாட்டியது. போலீஸ்காரர் வந்து ஸ்கிரீனில் 5.50 என்று காட்டிய இடத்தைப் பார்த்தார். கறுப்பு பைக்கில் ஒரு பையன் வேகமாகப் போகிறான். நம்பர் முழுசாகத் தெரியவில்லை. ஆனால் கடைக்காரருக்கு அவனை அடையாளம் தெரிந்தது, ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிற பையன். மறுநாள் காலையிலேயே அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பென் டிரைவில் காப்பி எடுத்துத் தரச் சொல்லி ஏட்டு வந்தபோது கடைக்காரருக்குப் பாஸ்வேர்டு தெரியவில்லை, என்னைக் கூப்பிட்டார். கடை வாசலில் பையனின் அம்மா நின்றுகொண்டிருந்தார். "எனக்க மவன் அந்நேரம் எனக்ககூட ஆஸ்பத்திரியில நின்னான் சாரே, சீட்டு இருக்கு பாருங்க" என்று ஏட்டிடம் சீட்டை நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார். "கேமராவுல 5.50ன்னு இருக்கேம்மா" என்றார்.

நான் டிவிஆரை, அதாவது கேமராப் பதிவு சேரும் பெட்டியைத் திறந்ததும் முதலில் செய்வது, ஸ்கிரீனில் ஓடும் நேரத்தையும் என் மொபைல் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இது எந்தக் கடைக்குப் போனாலும் உள்ள பழக்கம். டிவிஆர் 38 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இன்டர்நெட் இணைப்பு கொடுக்காத டிவிஆரில் நேரம் தானாகச் சரியாகாது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால் கரன்ட் போய் வரும்போது தேதியே மாறிவிடும். நான் சொன்னதை ஏட்டு முதலில் நம்பவில்லை. முந்தின நாள் பதிவையே ஓட்டிக் காட்டினேன். ஸ்கிரீனில் மணி 7 காட்டுகிறது, ரோடோ பட்டப்பகல் மாதிரி வெளிச்சமாக இருக்கிறது. நம் ஊரில் எந்த மாதத்தில் ஏழு மணிக்கு அப்படி வெளிச்சம் இருக்கும்? அதற்கப்புறம் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்படியென்றால் பையன் அந்த இடத்தைக் கடந்தது 5.12க்கு. அம்மாவைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. செயின் அறுத்தவர்களைத் தேட வேண்டியது ஸ்கிரீனில் ஆறரையை ஒட்டி. அங்கே போய்ப் பார்த்தோம். பைக்கில் இரண்டு பேர், பின்னால் இருப்பவன் கையை மடியில் மறைத்துக் குனிந்தபடி போகிறான். ஏட்டு ஒன்றும் பேசாமல் போனை எடுத்து எஸ்.ஐ.யைக் கூப்பிட்டார். அந்த ஏட்டுக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். தான் நினைத்தது தவறு என்று தெரிந்ததும் அதைப் பிடித்துத் தொங்கவில்லை.

பையனை அன்று இரவு விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து இரவு வரை அவன் அங்கே இருந்ததற்கு ஒரு காகிதம்கூட இல்லை. அடித்தார்களா என்று நான் கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவர், அன்றைய ஸ்டேஷன் ஃபுட்டேஜை அழிக்காமல் வைக்கும்படி மனு எழுதிக் கொடுத்தார். கேமரா பழுதாகி இருக்கிறது என்று பதில் வந்தது. குடும்பம் அதோடு ஒதுங்கிக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மறுநாளும் அதே ரோட்டில்தானே போய்வர வேண்டும்.

பழுது என்ற பதிலை அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது விவரமானது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசல்கள், லாக்கப், வராந்தா, வரவேற்பு, இன்ஸ்பெக்டர், எஸ்.ஐ. அறைகள், பின்பக்கம், கழிவறைக்கு வெளியே என்று கேமரா இருக்க வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும். பதிவை 18 மாதம் வைக்க வேண்டும், அந்த அளவுக்குக் கருவி கிடைக்காவிட்டால் எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா ஓடுகிறதா என்பதற்கு ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு, பழுதானால் மாவட்ட அளவிலான கண்காணிப்புக் குழுவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பல இடங்களில் இது நடக்கவில்லை என்று பார்த்து 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஆகவே வீட்டில் யாரையாவது ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால், அன்றைக்கே எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை, இன்ன இடக் கேமராக்களின் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று. ஸ்டேஷனுக்கு ஒன்று, எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒன்று, ஒப்புகை வருகிற மாதிரி ஸ்பீட் போஸ்டில். பழுது என்று சொன்னால், எந்தத் தேதியிலிருந்து பழுது, யாருக்குத் தெரிவித்தீர்கள் என்று அடுத்த மனு போடலாம். தடயம் அங்கேதான் கிடைக்கும்.

சரி, கடைக்காரர்கள் பக்கம் வருகிறேன். அவசரம் என்று சொல்லி வருகிற போலீஸ்காரர் பெரும்பாலும் செய்வது, டிவிஆர் ஸ்கிரீனைத் தன் மொபைலில் படம் பிடித்துக்கொண்டு போவது. தயவுசெய்து இதை ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வீடியோவை நீதிமன்றத்தில் நிறுத்துவது கடினம். அதே நேரம் சாயங்காலத்துக்குள் அது ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் வந்துவிடும். ஒரு கடையில் அப்படி எடுத்த துண்டில், வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்பிள்ளை வேறொரு பையனோடு நின்று பேசுவது தெரிந்தது. திருடன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில்தான் பிரச்சினை வெடித்தது.

முறையாகக் கொடுப்பது ஒன்றும் பெரிய வேலை கிடையாது. ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி எழுத்தில் கேட்கலாம், அதற்கு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 94 இருக்கிறது. பழைய சட்டத்தின் 91 என்று சொன்னால் ஸ்டேஷனில் எல்லோருக்கும் புரியும். எந்தக் கேமரா, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று அதில் இருக்கட்டும். கேட்ட அளவு மட்டும் பேக்கப் எடுங்கள். டிவிஆரின் சொந்த ஃபார்மட்டில் ஒன்று, சாதாரணமாகப் பார்க்க எம்பி4 ஒன்று. அதே காப்பி உங்களிடமும் ஒன்று இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தில், பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63 என்பது மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ். அதில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் கருவியை வைத்திருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டாவது நிபுணருக்கு. ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹாஷ் என்பது ஒரு ஃபைலின் கைரேகை மாதிரி, ஒரு பிக்சல் மாறினாலும் வேறு எண் வந்துவிடும். காப்பி கொடுத்த அன்றே அந்த எண்ணைக் குறித்து வைத்தால் பின்னால் யார் வெட்டி ஒட்டினாலும் தெரிந்துவிடும். கூடவே டிவிஆர் நேரத்துக்கும் சரியான நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். படிவத்தில் அதற்கென்று இடம் இல்லாவிட்டாலும் ஓரத்தில் எழுதலாம்.

சில வழக்குகளில் டிவிஆரையே எடுத்துப் போவார்கள். அதற்கு மகஜர் (கைப்பற்றியதை எழுதும் பட்டியல்) எழுதி, கருவியின் மாடல், சீரியல் நம்பர், உள்ளே உள்ள ஹார்ட் டிஸ்க்கின் சீரியல் நம்பர் எல்லாம் போட்டு, உங்களுக்கு ஒரு நகல் தர வேண்டும். ஹார்ட் டிஸ்க் நம்பரை விட்டுவிடுவார்கள். கேட்டு எழுத வையுங்கள். நான் போகிற இடங்களில் மூடியைத் திறந்து அந்த ஸ்டிக்கரை போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பி வைத்துவிடுகிறேன்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒன்று: சீக்கிரம் போங்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுதினால் ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் ஆகும். நாலு கேமரா, ஒரு டிபி என்றால் சுமார் பதினொரு நாளில் பழையதன் மேல் புதியது எழுதிவிடும். பல கடைகளில் அதைவிடக் குறைவு. புகார் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி, எஃப்.ஐ.ஆர். வந்து, விசாரணை அதிகாரி வந்து பார்ப்பதற்குள் போய்விடும். விபத்தோ திருட்டோ நடந்தால் அன்றைக்கே அந்த ரோட்டில் நடந்து, எந்தெந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று பார்த்து, அண்ணே இதை மட்டும் அழியாமல் எடுத்து வையுங்கள் என்று கேளுங்கள். நம் ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

இன்னொரு கோரிக்கை இப்போது அடிக்கடி வருகிறது. ஃபுட்டேஜ் வேண்டாம், லைவ் பார்க்க ஐடியும் பாஸ்வேர்டும் கொடுங்கள் என்று. இதில் என் கருத்து உறுதியானது: கொடுக்கக் கூடாது. நல்ல அதிகாரி கேட்டாலும்தான். அவர் மாறுதலில் போய்விடுவார், பாஸ்வேர்டு யார் யார் மொபைலில் தங்கும் என்று யாருக்கும் தெரியாது. ரோட்டில் யார் எந்த வீட்டுக்கு வருகிறார்கள், எந்தப் பெண் எத்தனை மணிக்குத் தனியாக நடக்கிறாள் என்பதைக் காரணம் சொல்லாமல், கணக்கு எழுதாமல் பார்த்துக்கொண்டே இருக்க முடிகிற நிலை யாருக்கும் இருக்கக் கூடாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் வரும் கோரிக்கையில் இந்த மூன்றும் தெரியும். பாஸ்வேர்டை வாயால் கேட்பதில் எதுவும் தெரியாது.

இதையெல்லாம் சொல்கிற நாம் நம் பக்கத்தையும் சரியாக வைக்க வேண்டும். வாங்கியபோது இருந்த அட்மின் பாஸ்வேர்டிலேயே ஓடுகிற கேமராக்களை வாரத்துக்கு வாரம் பார்க்கிறேன். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியின் கேமராக் காட்சிகள் வெளியே விற்பனைக்கே போய்விட்டன. பக்கத்து வீட்டு முற்றமோ குளியலறைப் பக்கமோ ஃபிரேமில் வந்தால் பிரைவசி மாஸ்க் என்று மெனுவிலேயே இருக்கிறது, கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. காசு கேட்காமல் செய்து கொடுப்பேன்.

நம்பர் பிளேட் படிக்கிற கேமராக்கள் தனி ரகம். சாதாரணக் கடைக் கேமராவில் இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் பிளேட் வெள்ளையாகக் கரைந்துவிடும். நம்பர் வேண்டும் என்றால் ஒரு கேமராவைத் தாழ்வாக, வண்டி வரும் திசைக்கு முப்பது டிகிரிக்கு மேல் சாயாமல் வைத்து, ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்கோ அதைவிட வேகமாகவோ வைக்க வேண்டும். அரசு வைப்பவை அப்படிப்பட்டவை. ஆனாலும் 8 என்பதை பி என்று படிப்பது நடக்கும், ஒரே நம்பரை இரண்டு வண்டியில் ஒட்டுவதும் நடக்கும். நம் டிஎன் 74, டிஎன் 75 வண்டிகள் ஆஸ்பத்திரிக்கும் ஏர்போர்ட்டுக்கும் திருவனந்தபுரம் போய்வந்துகொண்டே இருப்பவை. 2023 ஜூன் முதல் கேரளத்தில் ஏஐ கேமராக்கள் அபராதம் போட ஆரம்பித்த பிறகு எல்லை தாண்டிய சலான் (அபராதச் சீட்டு) வீடு தேடி வருகிறது. என் மச்சானுக்கு ஹெல்மெட் இல்லை என்று ஒன்று வந்தது, போட்டோவில் இருந்த ஸ்கூட்டரின் நிறமே வேறு. சலானில் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடம், நேரம், நிறம், கண்ணாடி, ஸ்டிக்கர் இதில் ஏதாவது ஒன்று பொருந்தாவிட்டால் அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது. ஆர்.சி. நகலும் உங்கள் வண்டியின் படமும் இணைத்தால் போதும். அவனுக்கு அப்படித்தான் ரத்தானது. வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைலாக (ஆப்பை மொபைலில் ஏற்றும் ஃபைல்) வரும் சலான் போலி, திறந்து ஏற்றினால் பேங்க் கணக்கில் இருக்கும் பணம் போய்விடும்.

முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைத் தமிழ்நாடு காவல்துறை 2021இல் கொண்டுவந்தது. இரவு ரோந்தில் பையன்களை நிறுத்தி மொபைலில் முகத்தைப் படம் எடுத்து அதில் தேடுகிறார்கள். 2024 மே மாதம் அந்தத் தளத்தின் ஒரு பாஸ்வேர்டு வெளியாள் கைக்குப் போனதைக் காவல்துறையே ஒப்புக்கொண்டது. இந்த மென்பொருள் சொல்வது "இவர் மாதிரி இருக்கிறது" என்பது மட்டுமே. வெளிச்சம், கோணம், தாடி எல்லாம் விடையை மாற்றும். 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் கைதானவர்களின் கைரேகை போன்ற அளவுகளையும் படங்களையும் 75 ஆண்டு வைக்க அனுமதிக்கிறது. ஆனால் முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அவற்றை அழிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிட்டால் தவிர. வழக்கிலிருந்து வெளியே வந்தவர்கள் தீர்ப்பு நகலை இணைத்து, அழித்துவிட்டீர்களா என்று எழுத்தில் கேட்க வேண்டும். இதைச் செய்த ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கள் பகுதி வியாபாரிகளிடம் பேசி, சில கடைகளில் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஃபுட்டேஜ் கேட்டு யார் வந்தாலும் அதில் எழுத வேண்டும்: தேதி, வந்தவர் பெயர், பதவி, ஸ்டேஷன், எந்த வழக்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, டிவிஆர் எத்தனை நிமிடம் முன்னே பின்னே, ஹாஷ் எண், கையெழுத்து. முதலில் சில போலீஸ்காரர்கள் முகம் சுளித்தார்கள். இப்போது ஒரு எஸ்.ஐ. தானாகவே நோட்டைக் கேட்டு வாங்குகிறார், கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் இது தனக்குத்தான் உதவுகிறது என்கிறார். வீட்டுக் கேமரா வைத்திருப்பவர்களும் பழைய டைரி ஒன்றில் இதைச் செய்யலாம். ஹாஷ் எடுக்கத் தெரியாதவர்கள் கேமரா மாட்டிய ஆளைக் கூப்பிடுங்கள், லேப்டாப்பில் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவார்.